கல்லில் நின்று பிடிக்கும் பொடி மீன்கள்: எதை வறுப்பது, எதைக் குழம்பு வைப்பது?

கல்மேல்நிற்பவன்:
வடசென்னைக்கு மேலே தூண்டில் வளைவுக் கற்களில் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்கள்) நின்று தூண்டில் ராடு போடுகிறேன். வஞ்சிரம், கொடுவா என்று கனவு காணும் ஆள் இல்லை. எனக்கு மாட்டுவதெல்லாம் கீச்சான், கிழங்கான், காரப்பொடி, பாறைக்குட்டி, நவரை, சில நாள் மடவை, சில நாள் ஓரா. எல்லாம் உள்ளங்கை நீளம், கொஞ்சம் கூடினால் ஒரு சாண். கடையில் இதைக் கலந்து கூறு கட்டி வைத்திருப்பார்களே, அதே ரகம்.

கேள்வி இதுதான். வீட்டில் எல்லாவற்றையும் ஒரே மிளகாய்த்தூள் மசாலாவில் புரட்டி வறுக்கிறோம். ஒன்று சேறு வாடை அடிக்கிறது, ஒன்று தோசைக்கல்லிலேயே கரைந்து போகிறது, ஒன்று முள்ளைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடலில் இருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மீனுக்கு இந்தக் கதியா? எந்த மீனை எப்படி என்று யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது. 'யூடியூப் பார்' என்று மட்டும் சொல்ல வேண்டாம், அங்கே எல்லாரும் எலுமிச்சையும் இஞ்சி பூண்டு விழுதும் கொட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

தருவைகுளத்தான்:
தம்பி, மசாலாவுக்கு அப்புறம் வருவோம். பிடித்த மீனை முதலில் எதில் போடுகிறீர்கள்?

கல்மேல்நிற்பவன்:
பக்கெட்டில் கடல் தண்ணீர் மொண்டு அதில் போடுவேன் அண்ணாச்சி. கிளம்பும்போது ஒரு பாலிதீன் பையில்.

தருவைகுளத்தான்:
அங்கேயே பாதி ருசி போய்விட்டது. பக்கெட் தண்ணீர் வெயிலில் பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். மீன் அதில் மூச்சு முட்டித் துள்ளித் துள்ளிச் சாகும். அப்படிச் செத்த மீன் சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் தளரும், சதை உதிரும். கல்லில் கரைகிறது என்றீர்களே, அதில் ஒரு பங்கு இதுதான். பாலிதீன் பை அதைவிட மோசம், உள்ளே வெந்துவிடும்.

ஒரு சின்ன தெர்மோகோல் பெட்டி எடுத்துப் போங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துக் கொண்டு போனாலும் போதும், ஆனால் உடைத்த ஐஸ் நல்லது. ஐஸ் மேல் கொஞ்சம் கடல் தண்ணீரை ஊற்றிக் கூழ் மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் என்பதால் அது பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே இறங்கும், மீனைச் சுற்றி எல்லாப் பக்கமும் படும். வெறும் ஐஸ் கட்டி மேல் மீனை வைத்தால் படுகிற பக்கம் மட்டும் குளிரும். மீனின் எடைக்கு எடை ஐஸ் வேண்டும், குறையக் கூடாது.

ஒரு சாண் மீனாக இருந்தால் தலையில் ஒரு தட்டு, செவுளுக்குக் கீழே ஒரு கீறல், ரத்தம் வடிந்ததும் ஐஸ் கூழில் போட்டுவிடுங்கள். விரல் நீள மீனுக்கு அதெல்லாம் வேண்டாம், உயிரோடு பிடித்ததும் நேராகக் கூழில் போட்டால் போதும். இன்னொன்று, வீட்டுக்கு வரும்வரை நல்ல தண்ணீரில் கழுவவே கூடாது. நல்ல தண்ணீரில் ஊறினால் தோல் வெளுத்து, கண் பூத்து, பழைய மீன் மாதிரி ஆகிவிடும்.

வலைக்கயிறு:
ஐஸ் வைத்தால் மீன் செத்துப்போன ருசிதான் வரும். எங்கள் ஊரில் கட்டுமரத்தில் போய் வந்தவர்கள் யார் ஐஸ் கொண்டு போனார்கள்? ஈரச் சாக்கைப் போட்டு மூடி வருவார்கள், வந்ததும் குழம்பு. கடையில் வாங்குகிறவனுக்குத்தான் ஐஸ். சொந்தமாகப் பிடிக்கிறவனுக்கு எதற்கு?

உப்புக்கணக்கு:
வலைக்கயிறு அண்ணா, விடியலில் பிடித்து ஏழு மணிக்கு அடுப்பில் ஏறும் மீனுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவர் கல்லில் நின்று, மேலே வெயில் ஏறி, பைக்கில் பட்டணத்துப் போக்குவரத்தில் வீடு திரும்புகிறார். இரண்டும் ஒன்று இல்லை.

அதிலும் எல்லா மீனும் ஒன்று இல்லை. கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி, சூரை இந்த வகைகளின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற அமிலம் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், உறைய வைத்தாலும் அது போகாது. மீன் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வாடைகூட வராமல் போகலாம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். 'எனக்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். 4 டிகிரிக்குக் கீழே வைத்துவிட்டால் இந்த மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடும். கிழங்கான், கீச்சான் மாதிரி வெள்ளைச் சதை மீன்களில் இந்தத் தொல்லை குறைவு.

வலைக்கயிறு:
சரி, கானாங்கெளுத்திக்கு ஒத்துக்கொள்கிறேன். கிழங்கானுக்கு ஈரச் சாக்கே போதும்.

குமரிக்கரை:
ஐஸ் சண்டை முடிந்ததா? நான் சமையலுக்கு வருகிறேன்.

தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலைப் பாருங்கள். அதில் மூன்று விதமான மீன் இருக்கிறது. கிழங்கான், நவரை, கீச்சான், பாறைக்குட்டி எல்லாம் சதை கட்டியான வெள்ளை மீன். காரப்பொடி (நாங்கள் காரல் என்போம்) தட்டை மீன், முள் நிறைய, சதை கொஞ்சம், ஆனால் சாறு அபாரம். மடவையும் ஓராவும் பாசியும் சேறும் தின்கிற மீன், அவற்றின் குடல்தான் வாடைக்குக் காரணம். இதற்கு மேல் சாளையும் நெத்திலியும் மாட்டினால் அது நாலாவது ரகம், எண்ணெய் மீன். இந்த நாலையும் ஒரே மசாலாவில் புரட்டினால் மசாலா ருசிதான் வரும், மீன் ருசி எங்கிருந்து வரும்?

கிழங்கானில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைக் கெடுப்பதுதான் எனக்குப் பொறுக்காது. செதில் பொடியாக இருக்கும், வாலில் இருந்து தலைப் பக்கமாகக் கத்தி முதுகால் தள்ளினால் பறந்துவிடும். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உள்ளே முதுகெலும்போடு ஒட்டிய ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டிவிட வேண்டும். இந்தக் கோடு எல்லா மீனுக்கும் பொருந்தும், இதை விட்டுவிட்டுக் கவுச்சி அடிக்கிறது என்று சொல்லக் கூடாது. உப்பு, மஞ்சள், நுணுக்கிய மிளகு மட்டும். எலுமிச்சை வேண்டாம், இஞ்சி வேண்டவே வேண்டாம். தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, ஓரம் பொன்னிறமாகி அதுவாகக் கல்லை விட்டுக் கிளம்பும்வரை தொடக் கூடாது. நடு முள் ஒரே இழுப்பில் வந்துவிடும். பல் முளைத்த குழந்தைக்குக்கூட ஊட்டலாம்.

கீச்சானுக்குச் செதில் பிடிமானம் அதிகம், செவுள் மூடியில் முள் வேறு குத்தும். கத்தரிக்கோலால் முதுகுச் சிறகை முதலில் வெட்டிவிட்டு, சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ கருங்கல்லிலோ உரசுங்கள். எங்கள் வீடுகளில் கழுவுமிடத்தில் இதற்கென்றே ஒரு கல் கிடக்கும். பாறைக்குட்டிக்கு வால் பக்கம் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி முள் செதில் ஓடும், அதை வாலில் இருந்து கத்தியைப் படுக்க வைத்து ஒரே சீவலில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிடுகிறவர் நாக்கில்தான் அது தெரியும்.

கல்மேல்நிற்பவன்:
அக்கா, காரப்பொடியில் என் அம்மா கழுவக் கழுவச் சளி போகவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்.

குமரிக்கரை:
தூக்கிப் போடுவதா! அந்தச் சளி மீன் கெட்டதால் வருவது இல்லை, அதன் உடம்பே அப்படித்தான். கல் உப்பை அள்ளிப் போட்டு, ஒரு மண்சட்டிக்குள் வைத்துக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கொட்டுங்கள். மூன்றாம் தண்ணீரில் பளபளவென்று வந்துவிடும். இருக்கிற பொடிச் செதிலும் அந்த உரசலிலேயே போய்விடும்.

காரலை வறுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் பெருமை சாற்றில்தான். பிள்ளை பெற்றவர்களுக்கு எங்கள் பக்கம் காரல்தான் முதலில் வைப்பார்கள், பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, புளி ரொம்பக் குறைவாக விட்டு. முள் சின்னது என்பதால் தலையோடு கொதிக்கவிட்டுச் சாற்றை மட்டும் வடித்துக் குடிக்கலாம்.

உப்புக்கணக்கு:
காரல் பற்றி ஒரு துணுக்கு. அதன் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கும் ஒரு பை உண்டு. இருட்டில் வைத்திருந்த காரல் மீன் மினுங்குகிறது என்று பயந்து போய்க் கேட்டவர்களை இதே தளத்தில் பார்த்திருக்கிறேன். மினுங்குவதாலேயே கெட்டது என்று இல்லை. அதற்காக மினுங்குவதாலேயே நல்லது என்றும் இல்லை, மூக்கை நம்புங்கள்.

பாலைக்காற்று:
ஓரா பற்றி நான் சொல்லலாமா? துபாயில் இருக்கிறேன், இங்கே அதை ஸாஃபி என்பார்கள், அரபிகளுக்கு உயிர். சின்ன மீன்தான், ஆனால் சந்தையில் விலையைக் கேட்டால் ஊர்க்காரர்களுக்கு மயக்கம் வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் முட்டை இடும் காலம் என்று இதைப் பிடிக்கவே தடை.

முதல் விஷயம், தூண்டிலில் வந்ததும் கையால் பிடிக்காதீர்கள். முதுகில் 13 முள், அடியில் 7 முள், வயிற்றுச் சிறகில் பக்கத்துக்கு 2. எல்லாவற்றிலும் விஷம் உண்டு. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கை முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். குத்திவிட்டால் ஐஸ் வைக்கக் கூடாது, நேர் எதிர்: தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், கொப்பளிக்காத சூட்டில், அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருக்க வேண்டும். விஷம் புரதம் என்பதால் சூட்டில் வலுவிழக்கும். குத்தாத கையால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், குத்திய கைக்கு வலியில் சூடு தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். கெளுத்தி குத்தினாலும் இதே வைத்தியம்தான்.

இரண்டாவது, குடல். ஓரா பாசி தின்னும். செத்த கொஞ்ச நேரத்தில் குடல் வாடை சதைக்குள் இறங்கிவிடும். அதனால் மற்ற மீன் எப்படியோ, ஓராவை மட்டும் கல்லிலேயே கத்தரிக்கோலால் முள்ளையெல்லாம் வெட்டி, குடலை எடுத்து, கடல் தண்ணீரில் அலசி ஐஸில் வைத்துவிட வேண்டும். பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் அந்தப் பக்கச் சதை கசக்கும். சரியாகச் சுத்தம் செய்த ஓராவின் சதை அத்தனை இனிப்பு. நான் இரண்டு பக்கமும் கீறி, உப்பும் மிளகும் தடவி, வாழையிலையில் சுற்றிக் கரியில் வைப்பேன். இலை கருகி மணம் வரும்போது எடுத்தால் போதும்.

தருவைகுளத்தான்:
ஓராவைப் பற்றி அவர் சொன்னது அச்சு அசல். கெளுத்தி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடல் கெளுத்தியில் ஆண்தான் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். தூண்டிலில் வந்த கெளுத்தி வாயில் கோலிக்குண்டு மாதிரி முட்டை இருந்தால் தயவுசெய்து திருப்பிக் கடலில் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அது இரை எடுக்காமல் மெலிந்துதான் இருக்கும், குழம்புக்கும் உதவாது.

புதுத்தூண்டில்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடிக்கடி பேத்தை மாட்டுகிறது, பிடித்ததும் பந்து மாதிரி ஊதும். தோலை உரித்து, ஈரலை எடுத்துவிட்டால் சாப்பிடலாம், கோழி மாதிரி இருக்கும் என்று கூட வருகிறவர் சொல்கிறார். உண்மையா?

உப்புக்கணக்கு:
வேண்டாம். அதில் இருப்பது டெட்ரோடோடாக்சின் என்கிற நரம்பு விஷம். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அழியாது, மாற்று மருந்து கிடையாது. உதடு மரத்துப் போவதில் தொடங்கி மூச்சுத் தசை நிற்கும் வரை போகும். எந்த வகைப் பேத்தையில் எந்த உறுப்பில் எவ்வளவு என்பது இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஜப்பானில் உரிமம் பெற்ற சமையல்காரர்கள்தான் இதில் கை வைக்க முடியும். கூட வருகிறவர் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அவர் அதிர்ஷ்டம். நாய்க்கும் பூனைக்கும்கூடப் போடக் கூடாது.

தருவைகுளத்தான்:
கரையில் வீசிவிட்டும் வரக் கூடாது, நாய் தின்னும். தூண்டில் முள்ளைக் கழற்றிக் கடலிலேயே விடுங்கள். முள் ஆழமாகப் போயிருந்தால் தங்கூசை (தூண்டில் நரம்பை) அறுத்துவிட்டு விடுங்கள், அதன் பல் விரலைத் துண்டாக்கும்.

கல்மேல்நிற்பவன்:
நல்லவேளை நான் பேத்தையை இதுவரை விட்டுத்தான் இருக்கிறேன். மடவைக்கு வருகிறேன். சேறு வாடை போக என்ன வழி?

வலைக்கயிறு:
எந்தத் தண்ணீரில் பிடித்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. மடவை அடிச் சேற்றை உறிஞ்சி வடிகட்டித் தின்கிற மீன். பழவேற்காட்டு ஏரி மடவைக்கும், பட்டணத்துச் சாக்கடை கலக்கும் முகத்துவார மடவைக்கும் பெயர்தான் ஒன்று. அடையாறு, கூவம் வாயில் பிடித்ததை நான் பூனைக்கும் போட மாட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் புயல் மழைக்குப் பின் எண்ணெய் படர்ந்து கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். மசாலா போட்டு மறைக்கிற விஷயமா அது?

தண்ணீர் நல்லதாக இருந்தால் வழி இருக்கிறது. மடவையின் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டி இருக்கும், அதை உப்புப் போட்டுத் தேய்த்து முழுக்க எடுத்துவிட வேண்டும். கோழிக்கு இருக்கிற மாதிரி ஒரு கல்லீரல் பை

வலைக்கயிறு:
கை பட்டுப் பாதியில் போய்விட்டது, கல்லீரல் இல்லை, இரைப்பை. கெட்டியான உருண்டை இரைப்பை இருக்கும், உள்ளே மணல். அதையும் எடுத்துவிட்டு, கெட்டிப் புளித் தண்ணீரிலோ புளித்த மோரிலோ கால் மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். புளிப்பு பட்டால் அந்த மண் வாடை குறையும். அப்புறம் வறுக்காமல் புளி தூக்கலாக, பூண்டும் வெந்தயமும் போட்டுக் குழம்பு வையுங்கள். சினை இருந்தால் தனியாக எடுத்து உப்பும் மிளகும் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள், அதற்காகவே மடவையை மன்னிக்கலாம்.

யாழ்நெய்தல்:
இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு இருந்தேன், ஒருவரும் சொதி பற்றிச் சொல்லவில்லை! யாழ்ப்பாணத்தில் சின்ன மீன் என்றால் முதலில் சொதிதான். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, இவற்றை இரண்டாம் தேங்காய்ப் பாலில் கொதிக்க விட்டு, மீனை முழுசாகப் போட்டு, வெந்ததும் முதல் பாலை ஊற்றி, நுரைத்து வரும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான், அடுப்பில் வைத்து விட்டால் பால் திரைந்து போகும். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். இடியப்பத்தோடு, இல்லையென்றால் பாணோடு (ரொட்டி). கிழங்கானுக்கும் நவரைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கலவையாகப் பொடி மீன் கிடைத்தால் ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊற வைத்து, மேல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, அந்த மாவைக் கடைசியில் கரைத்து விடுவது. மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கை இலை, செத்தல் மிளகாய் அரைத்தது, பழப்புளி. பிடித்த மீன் ஒருவருக்கே காணாது என்கிற நாளில் கூழ் காய்ச்சினால் தெருவுக்கே காணும். எல்லாரும் முற்றத்தில் இருந்து பிலாவிலையை (பலா இலை) கோலிக் குடிப்பது.

குமரிக்கரை:
யாழ்நெய்தல் சொன்ன சொதியைப் படித்ததும் எங்கள் அவியலை எழுதாமல் இருக்க முடியவில்லை. காய்கறி அவியல் இல்லை, மீன் அவியல். நெத்திலி, சாளை, எந்தப் பொடி மீனுக்கும் ஆகும்.

அரைக் கிலோ மீனுக்கு அரை மூடித் தேங்காய். அதோடு சீரகம், மஞ்சள், வற்றல் மிளகாய்ப்பொடி, நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அம்மியில் ஒதுக்கினால் (கொரகொரப்பாக அரைத்தால்) போதும், மையாக அரைத்தால் கெட்டுப்போய்விடும். மாங்காயை நீளமாக நறுக்குங்கள், பச்சை மிளகாயைக் கீறுங்கள். அகலமான மண்சட்டியில் மீன், மாங்காய், அரைத்தது, உப்பு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பச்சையாகவே போட்டு, கையால் மெல்லப் புரட்டி, சட்டியைக் கழுவிய ஒரு கை தண்ணீரை விட்டு மூடுங்கள். நடுத்தரத் தீ. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தண்ணீர் சுண்டும்வரை. நெத்திலிக்கு ஏழெட்டு நிமிடம்கூட வேண்டாம். அகப்பை போடக் கூடாது! சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. மரவள்ளிக்கிழங்கை அவித்து மசித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சோறு தேவையில்லை.

நெத்திலியைச் சுத்தம் செய்ய கத்தி எடுக்காதீர்கள். தலையைக் கிள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும்.

கல்மேல்நிற்பவன்:
அக்கா, கேட்கவே பசிக்கிறது. ஆனாலும் வறுவல் இல்லாமல் எங்கள் வீட்டில் விட மாட்டார்கள். ஒட்டாமல், உடையாமல் வறுக்க?

தருவைகுளத்தான்:
ஈரம். அவ்வளவுதான் விஷயம். கழுவிய மீனை உப்பு தடவிச் சல்லடையில் கால் மணி நேரம் சாய்த்து வைத்து, வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். மசாலாவைத் தண்ணீர் விட்டுக் குழைக்காமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குழையுங்கள். எலுமிச்சையைப் பிழிந்து மணிக்கணக்கில் ஊற வைக்கிறார்களே, வஞ்சிரத் துண்டே அதில் வெளுத்துவிடும், விரல் மொத்த மீன் என்ன ஆகும்? வறுத்த பிறகு பிழியுங்கள். கல்லில் இடம் விட்டுப் போடுங்கள், நெருக்கினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும். மொறுமொறுப்பு வேண்டுமானால் மேலே பச்சரிசி மாவைத் தூவித் தட்டுங்கள், சோள மாவு ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும்.

முள் அதிகமான மீனுக்கு ஒரு வழி, பக்கத்துக்கு ஏழெட்டுக் கீறல், முள் நறநறவென்று அறுபடும் ஆழத்துக்கு, நெருக்கமாக. எண்ணெயில் முழுக விட்டு ஒரு முறை வறுத்து எடுத்து ஆறவிட்டு, மறுபடி நல்ல சூட்டில் போடுங்கள். பொடி முள்ளெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

வலைக்கயிறு:
எண்ணெய் செலவு யார் கொடுப்பது? சாளையும் கவலை மீனும் கிடைத்தால் குக்கரில் வையுங்கள். தலை, குடல் எடுத்த மீனை அடுக்கி, கெட்டிப் புளிக்கரைசல், நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், பூண்டு, உப்பு போட்டு, விசில் வந்ததும் சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். நடு முள்ளே வாயில் கரையும். டப்பா மீன் விற்கிறார்களே, அதில் முள் உறுத்தாமல் போவதும் இதே கணக்கில்தான்.

குமரிக்கரை:
குக்கரில் மீனா! என் மாமியார் இதைப் படித்தால் உங்களை ஊருக்குள் விட மாட்டார்.

வலைக்கயிறு:
அவரிடம் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள் அக்கா, அப்புறம் பேசுவோம்.

பாலைக்காற்று:
அதிகமாக மாட்டும் நாளில் என்ன செய்கிறீர்கள்? நான் உறைய வைப்பேன், ஆனால் ஒரு மாதத்தில் காய்ந்த சக்கை ஆகிவிடுகிறது.

உப்புக்கணக்கு:
காற்று படுவதால்தான் காய்கிறது. சின்ன மீனைப் பெட்டியில் அடுக்கி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டியாகவே உறைய வையுங்கள். நல்ல தண்ணீரில் ஊறக் கூடாது என்று மேலே அண்ணாச்சி சொன்னதை மறக்காமல், ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, ஊற்றியதும் உடனே உறையப் போட்டுவிட வேண்டும். சாளை மாதிரி எண்ணெய் மீன் இப்படி வைத்தாலும் நாளாக நாளாகச் சிக்கு வாடை வந்துவிடும், அவற்றை முதலில் தீருங்கள்.

தருவைகுளத்தான்:
வெயில் இருக்கும்போது ஃப்ரீசர் எதற்கு? காரலையும் நெத்திலியையும் கருவாடு போடுங்கள். நெத்திலிக்கு உப்பே வேண்டாம், நல்ல வெயிலில் மெல்லிய வலை மேல் பரப்பினால் இரண்டு நாளில் கலகலவென்று ஆகிவிடும். காரலுக்குக் குடல் எடுத்து, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல் உப்பு, ஒரு ராத்திரி மண்சட்டியில் மூடி வைத்து, காலையில் அதே உப்புத் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். தரையில் போடாதீர்கள், கயிற்றுக் கட்டிலோ வலையோ உயரத்தில் கட்டுங்கள். மாடியில் காக்கைக்குப் பழைய கொசுவலை.

கல்மேல்நிற்பவன்:
கருவாட்டுக்கு அக்கம்பக்கத்துக் குடியிருப்பில் சண்டை வரும் அண்ணாச்சி, அதை மட்டும் ஊருக்குப் போகும்போது பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிழங்கானைச் சொதியாகவும், காரப்பொடியைச் சாறாகவும் வைக்கப் போகிறேன், தெர்மோகோல் பெட்டி வாங்கியாயிற்று. குமரிக்கரை அக்கா, ஒரே ஒரு சந்தேகம், அவியலுக்கு மாங்காய் கிடைக்காத மாதத்தில் என்ன போடுவது?

குமரிக்கரை:
பிலிம்பிக்காய் (புளிப்பான ஒரு காய்) மரம் யார் வீட்டிலாவது இருந்தால் நாலு காயை நீளமாகக் கீறிப் போடுங்கள், மாங்காயைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அதுவும் இல்லாவிட்டால் சின்ன நெல்லிக்காய் அளவு புளி, கெட்டியாகக் கரைத்து. தக்காளி போடாதீர்கள், அவியல் தொக்காகிவிடும்.